துக்கத்துக்கு எதுக்குப் பல்லு?

மே 12, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. இத்தனை நாள் எறும்பு மருந்து டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது இருக்கிறது. என் பெண்டாட்டி பச்சையம்மாள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பேச ஆள் இல்லாமல் வாய் நமநமவென்கிறது. வாய்க்குப் பதில் கைக்கு வேலை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பேத்தி பிருந்தாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். எங்கள் செய்யாறு பக்கத்தில் கல்யாணம் என்றால் முதல் வேலை பூவாடைக்காரியை அழைப்பது. வீட்டில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் இருந்தால் அவள்தான் பூவாடைக்காரி, அந்த வீட்டுக்குச் சாமி. பம்பை மேளம் அடித்துப் பாடுகிற பம்பைக்காரரோடு கிணற்றங்கரைக்குப் போய், தண்ணீரிலிருந்து அவளைச் செம்பில் அழைத்து வந்து, புதுப் புடவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம்தான் பந்தக்கால். எங்களுக்கும் ஒருத்தி இருந்தாள். மகன் தணிகாசலத்துக்கு மூத்தவள். பதினெட்டு வயதில் மஞ்சள் காமாலையில் போனாள். அதற்கு மேல் எழுத இது இடமில்லை.

தணிகா கல்யாணத்திலேயே அவளை அழைக்கவேண்டும் என்று பச்சையம்மாள் நின்றாள். முடியாது என்றேன். நான் தோளில் தூக்கி வளர்த்ததை நானே கீழே விழுந்து கும்பிடுவதா? அதில் ஒரு நியாயம் வேண்டாமா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, தவளை இருக்கிறது, வேறு யாரும் இல்லை என்றேன். இந்தக் கல்யாணத்துக்கும் அதையே சொன்னேன். "அவள கூப்புடாத கல்யாணத்துக்கு நானும் வரல" என்றவள்தான், வாயை மூடிக்கொண்டாள். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் மருமகள் மேகலாவைப் பார்த்து, "அந்த மனுஷன்கிட்ட சொல்லு" என்கிறாள். அந்த மனுஷன் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இதற்கு நடுவில் தணிகா கொல்லைக் கிணற்றைச் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். பேய்ப் படமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் என்னைவிட அந்தக் கிணற்றுக்கு மதிப்பு.

மே 14, புதன்

வந்துவிட்டார்கள். இரண்டு வேன், ஒரு ஜெனரேட்டர், குடை பிடிக்கத் தனி ஆள். டைரக்டருக்கு என் பேரன் வயசு இருக்கும். பெயர் கார்முகிலன். பெயரைக் கேட்டதும், "மழ பெய்யுமா, இல்ல சும்மா இருட்டிகினு போய்டுமா?" என்றேன். சிரித்தான். கெட்ட பையன் இல்லை. ஆனால் அவன் சொன்ன கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வீட்டில் பெண் ஒருத்தி செத்துப்போகிறாளாம். அதற்கப்புறம் அப்பன், ஆத்தாள், தம்பி யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. பேசாமல் அடக்கி வைக்க வைக்க, கொல்லைக் கிணற்றுக்குள் ஒன்று வளர்கிறது. பெரிசாகி மேலே வந்து ஒவ்வொருத்தராகப் பிடிக்கிறது. அதன் படத்தை செல்போனில் காட்டினான். முடி, நகம், தண்ணீர் சொட்டுகிற தோல். எல்லாவற்றுக்கும் மேலே உதட்டைத் தாண்டி இரண்டு முன்பல்.

"இது பேய் இல்ல தாத்தா. துக்கம். அவங்க பேசாம அடக்கி வச்ச துக்கம்தான் இப்படி வருது."

"துக்கம்னா சரி. துக்கத்துக்கு எதுக்குப் பல்லு?"

பார்க்கிறவன் பயப்படவேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். முன்பல் தூக்கலாக இருந்தால் அது பேயா? ஊரில் பாதிப்பேருக்குப் பல் அப்படித்தான் இருக்கிறது. அவர்களைப் பார்த்து யார் பயந்து ஓடினார்கள்? வரன் வந்தவன்கூட ஓடவில்லை, இன்னொரு தரம் வந்து பார்த்துவிட்டுத்தான் போனான். நகத்தை வை, கொம்பை வை, வாலை வை, பல்லை மட்டும் எடு என்றேன். பல்தான் இந்தப் படத்துக்கே அடையாளம் என்றான்.

அடையாளமாம்.

மே 15, வியாழன்

ரசத்தில் உப்பு இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

சினிமாக்காரர்களின் சமையல்காரர் வந்து தேங்காய்த் துருவி இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அது கிடையாது, கத்தியால் கீறித்தான் போடுவோம் என்று மேகலா சொன்னாள். இந்தக் காலத்தில் துருவி இல்லாத வீடா என்று அவருக்கு ஆச்சரியம். மேகலாவும் வந்த நாளிலிருந்து இதையே கேட்கிறாள். அவரவர் வீட்டு வழக்கம் அவரவருக்கு. இதற்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மே 17, சனி

பேயைப் பார்த்துவிட்டேன். காசிமேட்டுப் பெண். பெயர் ஸ்டெல்லா. கரணம் அடிப்பாள், கயிற்றில் தலைகீழாக இறங்குவாள். அதனால்தான் இந்த வேலைக்குப் பிடித்தார்களாம். விடிந்ததிலிருந்து ஒரு மணைமேல் உட்காரவைத்து ரப்பர் தோலை ஒட்டுகிறார்கள். நகத்தைப் பசை போட்டு விரலோடு ஒட்டிவிடுகிறார்கள். சாயந்தரம் வரை கழற்ற முடியாது. பல் ஒன்றைத்தான் கழற்றி டம்ளரில் வைக்கலாம்.

"இந்தக் கோலத்துல உன்ன பாத்தா கட்டிக்கப் போறவன் ஓடிட மாட்டானா?" என்று கேட்டேன்.

"சும்மா பாத்தாவே பயப்புடுவான் தாத்தா. இதுல இன்னா புச்சா கீது."

எனக்குப் பிடித்துப்போயிற்று. பதிலுக்குப் பதில் கொடுக்கிற வாய். அப்படி ஒரு வாய் இந்தக் கொல்லையில் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

இன்னொரு அநியாயம். வெயில் மண்டையைப் பிளக்கிறபோது படம் எடுத்துக்கொண்டு அதை நடுராத்திரி என்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடியாம். சூரியனை ஏமாற்றுகிறவர்கள் நம்மை விடுவார்களா?

மத்தியானம் எல்லாரும் இலைபோட்டுச் சாப்பிட்டார்கள். ஸ்டெல்லா மட்டும் அந்த நகத்தை வைத்துக்கொண்டு சோற்றைப் பார்த்தபடி கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். குடை பிடிக்க ஆள் உண்டு, இதற்கு ஆள் இல்லை. உள்ளேயிருந்து பச்சையம்மாள் வந்தாள். கையில் கிண்ணம், கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும். பக்கத்தில் உட்கார்ந்து, உருண்டை பிடித்து, பள்ளம் பண்ணி அதில் கீரையை வைத்து, அந்தப் பேயின் வாயில் ஊட்டினாள். ரப்பர் கன்னத்தில் ஒட்டியதை முந்தானையால் துடைத்தாள். முடிக்கற்றையை ஒதுக்கிவிட்டாள்.

எனக்குத் தட்டை டொக்கென்று வைக்கிறவள் பேய்க்கு ஊட்டுகிறாள். கேட்பாரில்லை.

மே 18, ஞாயிறு

இன்றும் ஊட்டினாள். கிணற்றுக்கட்டில், அதே இடத்தில். "அம்மா தாயே, எனக்கும் ரெண்டு உருண்ட" என்று வாயைத் திறந்துகொண்டு போய் நின்றேன். ஸ்டெல்லா சிரித்தாள். பச்சையம்மாள் ஸ்டெல்லாவிடம், "அந்த மனுஷன வெயில்ல நிக்க வேணான்னு சொல்லுமா" என்றாள். பேய் வழியாகத் தூது அனுப்புகிற பெண்டாட்டி யாருக்காவது உண்டா?

டைரக்டர் டீ குடிக்கும்போது ஒன்று சொன்னான். நிஜத்தில் செத்தது அவன் தம்பியாம், மோட்டார் சைக்கிளில். அதற்கப்புறம் அவன் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லையாம். பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் படத்தில் பெண்ணாக்கினாய் என்றேன். பெண் பேய்தான் ஓடும் என்று தயாரிப்பாளர் சொன்னாராம். வந்த பாவமெல்லாம் போயிற்று. தம்பிக்கு அழுகை வந்தால் தம்பியைக் காட்டி அழ வேண்டியதுதானே? அதற்கு ஏன் எவர் வீட்டுப் பெண்ணோ தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வரவேண்டும்?

மே 20, செவ்வாய்

பல் காணோம். காலையிலிருந்து கொல்லையே தலைகீழ். டம்ளர் இருக்கிறது, பல் இல்லை. உதவி டைரக்டர் வைக்கோல்போரைப் பிரித்தான். மேக்கப்காரர் அழாத குறை. நானும் கூடவே தேடிக்கொடுத்தேன். எதிர்வீட்டு நாய் எதையோ கவ்விக்கொண்டு ஓடியதுபோல இருந்தது என்றேன். மூன்று பேர் நாயைத் துரத்தினார்கள். பல் கிடைக்காமல் இன்றைக்கு ஷூட்டிங் நின்றுவிட்டது. புதுப் பல் மெட்ராசிலிருந்து வரவேண்டுமாம்.

இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு மிஷின். இரண்டு பல் இல்லாவிட்டால் இவர்கள் துக்கம் நகர மாட்டேன் என்கிறது.

அரிசி டிரம்முக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

மே 21, புதன்

பச்சையம்மாள் பார்த்துவிட்டாள். உலைக்கு அரிசி எடுக்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவோரம் நின்று கவனித்தேன். சண்டைக்கு வருவாள், அப்படியாவது என்னோடு பேசுவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேகலா வந்து என்ன அத்தை என்றதும், "இவ்ளோ நீளம் இல்ல" என்றாள்.

எது நீளம் இல்லை என்று மேகலாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எழுத மாட்டேன்.

பல்லைக் கழுவிக்கொண்டுபோய் டம்ளரில் போட்டுவிட்டாள். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கார்முகிலன் மட்டும் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

மே 22, வியாழன்

இன்றைக்கு நடந்ததை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

காலையில் ஒரு பெரிய கல்மூடியை நாலு பேர் தூக்கிவந்து கிணற்றங்கரையில் வைத்தார்கள். எதற்கு என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். இதுதான் படத்தின் முடிவாம். குடும்பம் ஒன்று சேர்ந்து அதைக் கிணற்றுக்குள் தள்ளி, மேலே கல்லைப் போட்டு மூடிவிடுகிறது. அப்புறம் எல்லாரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறார்கள். துக்கம் தீர்ந்தது. சுபம்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சும்மாதான் இருந்தேன். ஸ்டெல்லா கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். மேலே அப்பனாக நடிக்கிறவர், ஆத்தாளாக நடிக்கிறவர், பையன், மூன்று பேரும் கல்லைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே அந்தப் பெண் அண்ணாந்து கையை நீட்டுகிறாள். நகமும் பல்லுமாக. இவர்கள் மூடுகிறார்கள்.

நான் எப்போது போனேன் என்று எனக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறி, காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ கட் என்று கத்தினார்கள். கார்முகிலன் ஓடிவந்தான்.

"தாத்தா, எறங்குங்க. விழுந்துடப் போறீங்க."

"இந்தக் கெணத்த எவனும் மூடக் கூடாது."

"நிஜமா மூடல தாத்தா. அது கல்லே இல்ல, தெர்மாகோல். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. பெயின்ட் அடித்த தெர்மாகோல். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. அவன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். அவர்கள் மூடுவது பெண்ணை இல்லையாம், வலியையாம்.

"உள்ளேர்ந்து கைய நீட்டுது, நீ மேல மூடற. அப்பன்காரன் மூடறான். எந்த ஊர்ல இத செய்வாங்க? எங்க ஊர்ல பம்பை அடிச்சி வா வான்னு கூப்புடுவாங்கடா. புடவ எடுத்து வச்சிகினு கூப்புடுவாங்க. மூட மாட்டாங்க."

தணிகா கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டேன். என்னென்னவோ திட்டினேன். தயாரிப்பாளரை, நீலக் கண்ணாடியை, சமையல்காரரை, அவர் ஒரு பாவமும் செய்யாதவர், அவரையும். மூச்சு வாங்கி நிறுத்தினபோதுதான் பச்சையம்மாள் எதிரில் நிற்பது தெரிந்தது. மேகலாவைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"உள்ள தவளதான கீது, வேற யாரும் இல்லன்னுதான இத்தன வருசமா சொல்லிகினு இருந்த. அப்புறம் எதுக்கு மூட வேணான்ற?"

காலை வெளியே எடுத்துக் கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கினேன். கிணற்றுக்குள்ளிருந்து ஸ்டெல்லா, "தாத்தா, கயிறு அறுக்குது, யாராச்சும் தூக்குங்க" என்று குரல் கொடுத்தாள். நானும் சேர்ந்து இழுத்தேன்.

மே 23, வெள்ளி

ஷூட்டிங் இல்லை. சினிமாக்காரர்கள் லாட்ஜில் இருக்கிறார்கள்.

சாதாரண நாளில் என்னை இன்னாங்க என்றுதான் கூப்பிடுவாள். கோபம் உச்சிக்கு ஏறினால்தான் நீ. நேற்று நீ என்றாள். அதுவாவது என்னைப் பார்த்துச் சொன்னாளே என்று அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

மே 25, ஞாயிறு

பச்சையம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். ஒரு கைப்பிடி ஆனதும் சொன்னேன். அவளைக் கும்பிட மாட்டேன் என்றது திமிரில் இல்லை. பூவாடைக்காரி ஆகிவிட்டால் அவள் சாமி. தாயே என்று கைகட்டி நிற்கவேண்டும். ஒரு வார்த்தை தப்பாக வரக்கூடாது. எனக்கு அவளோடு அப்படிப் பழக்கமில்லை. அவள் பிறந்ததிலிருந்து நான் அவளை வம்புக்கு இழுத்திருக்கிறேன், அவள் என்னை இழுத்திருக்கிறாள். வேறு பேச்சே எங்களுக்குள் கிடையாது. கும்பிட்டுவிட்டால் அது முடிந்துபோகும். கும்பிடாத வரைக்கும் அவள் எங்கேயோ கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இப்படிக் கோர்வையாகச் சொல்லவில்லை. உளறினேன். அவளுக்குப் புரிந்தது.

பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "சாமி ஆய்ட்டா மட்டும் உன்ன சும்மா உட்ருவாளா அவ?" என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

பம்பைக்காரர் எல்லப்பன் காலையிலேயே வந்துவிட்டார். கிணற்றுக்கட்டில் மஞ்சள் பூசி, செம்பில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி மஞ்சள் கரைத்து, விளிம்பில் ஒரு சாமந்திப்பூவை நிறுத்தினார்கள். அழைத்ததும் பூ கீழே விழுந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். மாம்பழக் கலரில் புடவை. பச்சையம்மாள் எடுத்தது. ஸ்டெல்லா சாதாரண சுடிதாரில் வந்து பிருந்தா பக்கத்தில் நின்றாள். ரப்பர் இல்லாமல் பார்த்தால் சின்னப் பெண். கார்முகிலன் கேமரா எடுத்து வரவா என்று கேட்டான். உதைப்பேன் என்றேன். வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றான். தம்பிகளையும் இப்படி அழைப்பார்களா என்று எல்லப்பனை மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

எல்லப்பன் பாடினார், அழைத்தார். பூ அசையவில்லை. மறுபடி பாடினார். பச்சையம்மாள், வாம்மா தாயே, உன் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று அழுதாள். அசையவில்லை. தணிகா அழைத்தான், மேகலா அழைத்தாள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. "பெத்த தகப்பன் இன்னும் கூப்புடல. அவுரு வாய தொறந்து கூப்புடட்டும். மரியாதயா, பக்தியா கூப்புடணும்" என்றார் எல்லப்பன்.

யாருக்கு யார் மரியாதை சொல்லிக்கொடுப்பது? சுர்ரென்று ஏறியது. செம்புக்கு எதிரில் போய் நின்றேன். தாயே என்று ஆரம்பித்துப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. அப்புறம் கிணற்றை எட்டிப் பார்த்து, எனக்குத் தெரிந்த மாதிரியே கூப்பிட்டேன்.

"ஏய் தேவகி. அடியே தேங்காத்துருவி. எத்தினி வருசம்டி கோச்சிகினு உக்காந்திருப்ப? உங்கம்மா போடற ரசத்துல உப்பு இல்ல, எனக்குன்னு கேக்க ஒரு நாதி இல்ல. பல்ல இளிச்சிகினு நின்னது போதும், ஏறி வா ஊட்டுக்கு."

எல்லப்பன் பம்பையை நிறுத்திவிட்டார். பூவாடைக்காரியைப் போய்ப் பல்லு, துருவி என்று ஒருத்தன் கூப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அபசாரம் என்று அவர் வாயெடுப்பதற்குள் பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுத கண்ணோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதைப் பார்த்துத் தணிகா சிரித்தான். அவனும் அக்காவை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான், உதையும் வாங்கியிருக்கிறான்.

பூ எப்போது விழுந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. காற்றா, சிரிப்பில் யார் கையாவது பட்டதா, என்னைக் கேட்காதீர்கள். பார்க்கும்போது அது மஞ்சள் தண்ணீரில் கிடந்தது.

"இன்னாங்க, கும்புடுங்க" என்றாள் பச்சையம்மாள்.

கும்பிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பந்தக்காலுக்குச் சாமான் வாங்கச் செய்யாறு போனேன். பாத்திரக்கடையில், அவள் போனதிலிருந்து வீட்டில் சேர்க்காத தேங்காய்த் துருவியைக் கேட்டேன். கடைக்காரன் எவர்சில்வரில், கைப்பிடி போட்டு, சுற்றுவதற்கு ஸ்குரூ வைத்து, என்னென்னவோ எடுத்துப் போட்டான். ஒன்றிலும் பல் சரியில்லை. எல்லாம் ஒரே சீராக, அழகாக, வரிசையாக இருந்தது. இதெல்லாம் ஒரு துருவியா என்று சத்தம் போட்டேன். எத்தனை தேங்காய் துருவினாலும் போகாது, நம்பி எடுத்துக்கொண்டு போங்கள் பெரியவரே என்று அவனும் சத்தம் போட்டான்.

கடைசியில் மூலையில் கிடந்த பழைய மரத் துருவி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். முன்னால் இரண்டு பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.